மனிதனுக்கு ஒன்று, மீனுக்கு இரண்டு: இரட்டை மரபணுக்களில் எது எதற்காகப் பிழைத்தது?

கேள்வி இது: மனிதனில் ஒன்றாக இருக்கும் மரபணு, ஆய்வகங்களில் வளர்க்கும் வரிக்குதிரை மீனில் ஏ, பி என்று இரண்டாக இருக்கிறது. கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியை வைத்து ஏ-யை வெட்டியும் மீன் ஒரு குறையும் இல்லாமல் நீந்துகிறது. அப்படியானால் பி என்பது ஏ-க்கு ஸ்டெப்னியா? அதை இத்தனை கோடி ஆண்டுகளாக மீன் ஏன் சுமந்துகொண்டிருக்கிறது?

ஸ்டெப்னி இல்லை. இயற்கைத் தேர்வுக்கு முன்யோசனை கிடையாது. என்றைக்காவது உதவும் என்று ஒரு பிரதியைப் பத்திரப்படுத்தி வைக்க அதற்குத் தெரியாது. வேலை இல்லாத பிரதியில் திடீர்மாற்றம் விழுந்தால் தடுக்க ஆள் இல்லை. சில பத்து லட்சம் ஆண்டுகளில் அது எழுத்து அழிந்த கல்வெட்டாகிவிடும். வெறும் ஸ்டெப்னியாக இருந்த பிரதிகள் எல்லாம் டைனோசர்களுக்கு முன்பே போய்விட்டன. இன்று உங்கள் கையில் ஒரு ஜோடி இருக்கிறதென்றால், இரண்டுக்கும் ஏதோ வேலை இருந்திருக்கிறது. அது என்ன வேலை என்பதுதான் கேள்வி.

முதலில் கணக்கு. முதுகெலும்புள்ள விலங்குகளின் தொடக்க காலத்தில், 50 கோடி ஆண்டு வாக்கில், முழு ஜீனோமும், அதாவது மரபணுத் தொகுதி மொத்தமும், இரண்டு சுற்று இரட்டித்தது. அது நமக்கும் மீனுக்கும் பொது. எலும்பு மீன்களில் இன்று மிகப் பெரும்பான்மையாக உள்ள டெலியோஸ்ட் வகையின் மூதாதையில் மட்டும் மூன்றாவது சுற்று ஒன்று நடந்தது. காலம் சுமார் 32 கோடி ஆண்டுக்கு முன். பெயருக்குப் பின்னால் வரும் ஏ, பி பெரும்பாலும் இந்த மூன்றாம் சுற்றின் பிள்ளைகள். இப்படி ஜீனோம் மொத்தமாக மடங்கியதில் பிறந்த ஜோடிகளுக்கு ஓனோலாக் என்று பெயர். மரபணு இரட்டிப்பே பரிணாமத்தின் மூலப்பொருள் என்று 1970-இல் வாதிட்ட சுசுமு ஓனோவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சால்மன், ட்ரௌட் குடும்பத்தில் 8 முதல் 10 கோடி ஆண்டுக்கு முன் நாலாவது சுற்றும் நடந்தது. சாதாக்கெண்டை, தங்கமீன் வம்சத்தில் அதுவே மிகப் பிந்தி, ஏறத்தாழ 1.2 முதல் 1.4 கோடி ஆண்டுக்கு முன் நடந்தது. நம் ஊர்க் குளங்களில் ஒன்றாக விட்டு வளர்க்கும் ரோகு, கட்லா, மிர்கால் மூன்றுக்கும் 50 குரோமோசோம். அதே தண்ணீரில் கிடக்கும் சாதாக்கெண்டைக்கு 100.

மூன்றாம் சுற்றில் இரட்டித்ததெல்லாம் நின்றிருந்தால் வரிக்குதிரை மீனுக்கு நம்மைப் போல இரண்டு மடங்கு மரபணு இருக்க வேண்டும். 2013-இல் வெளியான அதன் ஜீனோமில் புரதம் செய்யும் மரபணுக்கள் 26,206. இதிலும் கணிசமானவை பிற்காலத்தில் அக்கம்பக்கத்திலேயே பெருகியவை. ஜோடியாக நிலைத்தவை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். இழப்பும் சீராக நடக்கவில்லை. முதல் 6 கோடி ஆண்டுக்குள்ளேயே எழுபது, எண்பது சதம் போய்விட்டது என்பது மீன் ஜீனோம்களை ஒப்பிட்டு வந்த மதிப்பீடு. அதன்பின் இழப்பு மெதுவாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது.

ஹாக்ஸ் மரபணுக்களில் இதை நேராகப் பார்க்கலாம். உடலின் தலை-வால் வரிசையை நிர்ணயிக்கும் இவை நமக்கு நான்கு கொத்தாக, மொத்தம் 39. மீனுக்கு எட்டுக் கொத்து இருக்க வேண்டும். வரிக்குதிரை மீனில் இருப்பது ஏழு கொத்து, மரபணுக்கள் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவு. எட்டாவதான டிபி கொத்தில் (டி கொத்தின் பி பிரதி) ஹாக்ஸ் மரபணு ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரு மைக்ரோஆர்என்ஏ (புரதம் செய்யாத குட்டி ஆர்என்ஏ) மட்டும் இன்னும் நிற்கிறது. வீடு இடிந்து கிணறு மட்டும் மிஞ்சிய மனை மாதிரி. ஆய்வகங்களில் வளர்க்கும் இன்னொரு டெலியோஸ்டான மெடகா மீனைப் பாருங்கள், அதற்கும் ஏழு கொத்துதான். ஆனால் அதில் டிபி இருக்கிறது, சிபி இல்லை. ஒரே மூதாதை, ஒரே எட்டு கொத்து. இரண்டு வம்சமும் வேறு வேறு கொத்தைத் தொலைத்திருக்கின்றன. "ஏழு-ஏழு சரியாக இருக்கிறதே" என்று எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்.

சரி, பிழைத்தவை எப்படிப் பிழைத்தன? ஓனோவின் எண்ணம், ஒரு பிரதி பழைய வேலையைச் செய்ய இன்னொன்று புது வேலை கற்கும் என்பது. அப்படி நடக்கும், ஆனால் அபூர்வம். பயனுள்ள திடீர்மாற்றம் வருவதற்குள் கெடுக்கும் மாற்றங்கள் பத்து வந்துவிடும். பிழைத்த ஜோடிகளின் எண்ணிக்கைக்கு அந்த விளக்கம் போதவில்லை. 1999-இல் ஃபோர்ஸ், லிஞ்ச், போஸ்ட்லெத்வெய்ட் குழு வேறொரு வழியைக் காட்டியது. புதிதாக எதுவுமே சேர வேண்டாம், இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கெட்டாலே போதும். நம் மொழியில் சொன்னால் பாகப்பிரிவினை.

ஒரு மரபணுவுக்குப் புரதத்தைச் செய்யும் பகுதி ஒன்று, அதை எங்கே எப்போது போடவேண்டும் என்று சொல்லும் சுவிட்சுகள் பல. மூளைக்கு ஒரு சுவிட்ச், துடுப்புக்கு ஒரு சுவிட்ச் என்று வைத்துக்கொள்வோம். இரட்டித்த பிறகு ஏ-யின் துடுப்பு சுவிட்ச் கெடுகிறது. மீனுக்கு ஒன்றும் ஆகாது, பி-யின் துடுப்பு சுவிட்ச் இருக்கிறது. ஆனால் அந்த நொடியிலிருந்து பி-யைத் தொட முடியாது. அதன் துடுப்பு சுவிட்சோ புரதப் பகுதியோ கெட்டால் மீன் அவுட். ஏ மட்டும் இன்னும் ஆபத்தில்தான். அடுத்த அடி ஏ-யின் மூளை சுவிட்சிலோ புரதப் பகுதியிலோ விழுந்தால் ஏ காலி. பி-யின் மூளை சுவிட்சில் விழுந்தால்? இப்போது மூளைக்கு ஏ, துடுப்புக்கு பி. இரண்டையும் இனி இழக்க முடியாது.

இதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். எல்லாப் பகுதிக்கும் அடிவிழும் வாய்ப்பு சமம் என்று வைத்தால், முதல் அடி சுவிட்சில் விழ மூன்றில் இரண்டு. அடுத்தது பி-யின் மூளை சுவிட்சில் விழ மூன்றில் ஒன்று. பெருக்கினால் ஒன்பதில் இரண்டு, அதாவது 22 சதம். சுவிட்ச் மூன்று என்றால் அதே கணக்கில் 40 சதமாக ஏறுகிறது. புரதப் பகுதி நீளமானது, அடிவிழும் வாய்ப்பு ஒரு சுவிட்சைவிட மூன்று மடங்கு என்று வைத்தால் இரண்டு சுவிட்ச் மரபணுவுக்கு 8 சதமாக இறங்குகிறது. பல இடங்களில் பல வேலை பார்க்கும், உருவத்தில் சிறிய மரபணுக்கள் ஏன் ஜோடியாக அதிகம் மிஞ்சுகின்றன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. கரு வளர்ச்சியை நடத்தும் மரபணுக்கள் பட்டியலில் முன்னால் நிற்பது தற்செயல் இல்லை.

அந்தக் குழு காட்டிய உதாரணமே எங்ரெய்ல்டு-1. எலியிலும் கோழியிலும் அந்த ஒரே மரபணு முன்னங்கால் அல்லது இறக்கை மொட்டிலும் வேலை செய்யும், பின்மூளை-தண்டுவடத்தின் குறிப்பிட்ட நரம்புகளிலும் வேலை செய்யும். வரிக்குதிரை மீனில் மார்புத் துடுப்பு மொட்டில் 1ஏ, அந்த நரம்புகளில் 1பி. வில்லங்கம் இல்லாத பத்திரம்.

எல்லாப் பிரிவினையும் இவ்வளவு சுத்தமாக நடப்பதில்லை. மெலனின் செல்களை உருவாக்கும் மிட்ஃப் மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். பாலூட்டிகளில் ஒரே மரபணு, பல தொடக்கப் புள்ளிகள். தோலின் நிறமிச் செல்லுக்கு ஒரு வடிவம், விழித்திரையின் நிறமிப் படலத்துக்கு இன்னொரு வடிவம். எலியில் அதைக் கெடுத்தால் முடி வெளுக்கும், கண்ணும் சிறுத்துப்போகும். வரிக்குதிரை மீனில் மிட்ஃப்-ஏ போன 'நாக்ரே' மீனின் உடம்பில் கருப்புச் செல் ஒன்றுகூட இருக்காது. கண் மட்டும் வழக்கம்போல் கருகருவென்று இருக்கும். கண்ணை மிட்ஃப்-பி பார்த்துக்கொள்கிறது. ஆய்வகங்களில் உள்ளுறுப்பு தெரியும்படி வளர்க்கும் 'கேஸ்பர்' மீன்களில் பாதி உபயம் இந்த நாக்ரே மாற்றம்தான். இதில் கவனிக்க வேண்டியது, கண்ணின் நிறமிப் படலத்தில் மிட்ஃப்-ஏயும் வெளிப்படுகிறது. ஒரு பிரதி ஓரிடத்தில் வெளிப்படுகிறது என்பதும் அங்கே அது தேவைப்படுகிறது என்பதும் வேறு வேறு. மரபணு வெளிப்படும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம் படத்தில் தெரிந்ததை வைத்து மட்டும் "இது இதன் வேலை" என்று எழுதிவிடக்கூடாது.

ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமடேஸ் நொதிக்கும் இதே கதை. நமக்கு ஒரே மரபணு. மீனில் சிப்19ஏ1ஏ சினைப்பையில், சிப்19ஏ1பி மூளையில். வரிக்குதிரை மீனில் சினைப்பைப் பிரதியை நீக்கினால் குஞ்சுகள் எல்லாம் ஆணாகின்றன. மூளைப் பிரதியை நீக்கினால் அப்படி ஆவதில்லை. ஆனால் லெட்ரோசோல் போன்ற மருந்தைத் தீவனத்தில் கலந்து பால்மாற்றம் செய்யும்போது மருந்து நொதியை அடைக்கிறது. நொதி எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. மூளையில் உள்ளதும் சேர்ந்தே அடைபடும். மரபணு வெட்டலின் முடிவையும் மருந்தின் முடிவையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு சார்ந்த இன்னொரு காரணமும் உண்டு. பல புரதங்கள் சேர்ந்து ஒரு கூட்டாகச் செய்யும் வேலைகளில் விகிதம் முக்கியம். முழு ஜீனோமும் மடங்கும்போது எல்லா உறுப்பும் ஒன்றாக மடங்குவதால் விகிதம் கெடாது. அதன்பின் ஒன்றை மட்டும் இழந்தால்தான் கெடும். அதனால் அவை கூட்டமாக நிற்கும். தனியாக ஒரு மரபணு மட்டும் பக்கத்திலேயே இரட்டித்தால் கதை தலைகீழ், அங்கே கூடுதல் பிரதிதான் தொல்லை. ஆனால் இந்தக் காவல் நிரந்தரம் இல்லை. இரண்டு பிரதியும் உற்பத்தியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு மொத்தத்தைச் சரியாக வைத்திருக்கும். பிறகு அது 50-50 என்பதிலிருந்து 70-30, 90-10 என்று நகரும். பத்து சதம் தரும் பிரதி போனால் மீனுக்குத் தெரியாது. மேலே சொன்ன மெதுவான சொட்டலில் ஒரு பங்கு இந்த வழியில்தான் போகிறது.

இனி ஓனோவின் புது வேலை. அதற்கு நல்ல சாட்சி இரண்டு உண்டு.

ஒன்று மின்மீன்கள். தசைச் செல்லின் மின்துடிப்புக்கான சோடியம் கால்வாயின் (செல்லுக்குள் சோடியத்தை விடும் புரத வழி) மரபணு மூன்றாம் சுற்றில் எஸ்சிஎன்4ஏஏ, எஸ்சிஎன்4ஏபி என இரண்டானது. சாதாரண மீன்களில் இரண்டும் தசையில்தான். ஆப்பிரிக்காவின் மார்மிரிட் மீன்களிலும் தென் அமெரிக்காவின் ஜிம்னோடிஃபார்ம் மீன்களிலும் மின்னுறுப்பு தனித்தனியே தோன்றியது. இரண்டு கண்டத்திலும் ஏஏ தசையை விட்டு விலகி மின்னுறுப்பின் கால்வாயாகியிருக்கிறது. தசையை ஏபி தனியாகப் பார்க்கிறது. தசைக் கடமை இல்லாத ஏஏ-யில் அமினோ அமிலங்கள் வேகமாக மாறின, அதுவும் கால்வாய் திறந்து மூடும் நேரத்தைத் தீர்மானிக்கும் இடங்களில். இரட்டிப்புக்கும் மின்னுறுப்புக்கும் நடுவே குறைந்தது பத்து கோடி ஆண்டு. அத்தனை காலம் ஏஏ சும்மா காத்திருக்கவில்லை. தசையில் பங்கு வேலை பார்த்துக்கொண்டிருந்ததால்தான் உயிரோடு இருந்தது. ஜீனோம் மடங்கியதால்தான் மீன்கள் பல்கிப் பெருகின என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்த இடைவெளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, தங்கமீனும் அதன் நெருங்கிய உறவான குரூசியன் கெண்டையும். வட ஐரோப்பாவில் குளம் உறைந்து, பனிக்கட்டிக்குக் கீழே ஆக்சிஜனே இல்லாத தண்ணீரில் குரூசியன் கெண்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நமக்கென்றால் ஆக்சிஜன் இல்லாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இந்த மீன் லாக்டிக் அமிலத்தைத் தேங்கவிடாமல் சாராயமாக மாற்றிச் செவுள் வழியாக வெளியே விட்டுவிடுகிறது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் ஏறும். பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்ட முடியாது. எப்படி என்று 2017-இல் தெரிந்தது. பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற பெரிய நொதிக் கூட்டில் ஈ1 என்ற உறுப்பு பைருவேட்டை உடைத்து, கைமாற்றாக ஈ2-விடம் கொடுக்கும். இந்த மீன்களில் இரட்டிப்பால் வந்த கூடுதல் ஈ1 ஒரு தொகுதி தசையில் இருக்கிறது. அதில் ஈ2-வைப் பிடித்துக்கொள்ளும் முகம் கெட்டுவிட்டது. கொடுக்க ஆள் இல்லாததால் உடைந்த பொருள் அசிடால்டிஹைடாக வெளியேறுகிறது. அடுத்த நொதி அதை எத்தனாலாக்குகிறது. புது வேலை என்று நாம் கொண்டாடுவதும் அடியில் பார்த்தால் ஓர் இழப்புதான்: ஒரு பிடி நழுவியது. மூல ஈ1 அருகிலேயே இருந்து வழக்கமான வேலையைச் செய்ததால் அந்த நழுவல் மீனைக் கொல்லவில்லை.

நாலாம் சுற்று மீன்களோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கெண்டையில் இரட்டிப்பு வந்தது இரண்டு வேறு இனங்கள் கலந்து. ஏ, பி இரண்டும் முதல் நாளிலிருந்தே தனித்தனி. சால்மனில் ஒரே இனத்தின் ஜீனோம் மடங்கியது. ஒரே மாதிரி நான்கு குரோமோசோம்கள் எது எதோடு வேண்டுமானாலும் ஜோடி சேரும். அப்படி ஒன்றுக்கொன்று துண்டு மாற்றிக்கொண்டிருக்கும்வரை இரண்டு பிரதிகளும் பிரிந்து போக முடியாது. ஜீனோமின் சில பகுதிகளில் இந்தப் பிரிதல் மிகத் தாமதமாக, சால்மன் குடும்பத்தின் கிளைகள் பிரிந்த பிறகுதான் முடிந்தது. அத்தகைய இடத்தில் சால்மனின் ஏ-க்கு நேரான ஏ அதே குடும்பத்துக் கிரேலிங் மீனில் கிடையாது. குரோமோசோம் முனைகளில் இன்றும் 95 சதத்துக்கு மேல் ஒற்றுமை உள்ள பகுதிகள் இருக்கின்றன. மரபுக்குறிச் சோதனையில் ஓர் இடம் எல்லா மீனிலும் கலப்பினமாகவே (ஒரே இடத்தில் இரண்டு வேறு வடிவம்) வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். அது ஒரே இடத்தின் இரண்டு வடிவம் அல்ல, இரண்டு பிரதிகளுக்கு இடையிலான வேறுபாடு. இத்தகைய கலப்பினங்கள் எதிர்பார்த்த விகிதத்தில் உள்ளனவா என்று பார்க்கும் ஹார்டி-வெயின்பெர்க் சோதனையில் முதலிலேயே கழித்துவிட வேண்டும். இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் அட்லாண்டிக் சால்மன், ரெயின்போ ட்ரௌட் ஜீனோம்களை இரட்டை ஒற்றைமயமாக்கிய மீனிலிருந்து, அதாவது ஒரே தொகுதியின் இரு நகல் மட்டுமே உள்ள மீனிலிருந்து, வாசித்தார்கள்.

இப்போது உங்கள் ஜோடிக்கு வருவோம். முதலில் அது உண்மையிலேயே ஓனோலாக்தானா என்று பாருங்கள். பெயரில் ஏ, பி இருப்பது போதாது. இரண்டும் வேறு வேறு குரோமோசோமில் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்து மரபணுக்களை வரிசையாக எழுதி, அதே வரிசை கார் மீனில் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். (ஓட்டுகிற கார் இல்லை, நீண்ட அலகுள்ள வட அமெரிக்க நன்னீர் மீன்.) மூன்றாம் சுற்றுக்கு முன்பே பிரிந்த வம்சம் என்பதால் அதில் ஜோடி கிடையாது. 2016-இல் அதன் ஜீனோம் வந்தபின் மனிதனுக்கும் மீனுக்கும் நடுவே நல்ல பாலம் கிடைத்தது. மூதாதை மரபணு எங்கெங்கே வெளிப்பட்டது என்று ஊகிக்கவும் கார் மீனே சிறந்தது. அது இல்லாமல் பி-யின் வேலையை "புதியது" என்று சொல்லவே முடியாது. ஏ இழந்த பழைய வேலையாக இருக்கலாம். சால்மனுக்கு இதே இடத்தில் பைக் மீனை வையுங்கள்.

வம்சமரம் வரையும்போது வரிக்குதிரை மீன், மெடகா இரண்டின் ஏ-க்கள் ஒரு கிளையாகவும் பி-க்கள் ஒரு கிளையாகவும், கார் வெளியிலும் வர வேண்டும். ஒரே மீனின் ஏ-யும் பி-யும் சேர்ந்து உட்கார்ந்தால் அது பிற்கால இரட்டிப்பாக இருக்கலாம், அல்லது வேகமாக மாறிய பிரதி இடம் தவறி விழுந்திருக்கலாம். அங்கே அக்கம்பக்க வரிசை சொல்வதை நம்புங்கள். ஒத்த மாற்ற (புரதத்தை மாற்றாத எழுத்து மாற்றங்கள்) விகிதத்தை வைத்து 32 கோடி ஆண்டைக் கணிக்க முயல வேண்டாம், அந்தக் கடிகாரம் எப்போதோ நிரம்பி நின்றுவிட்டது.

வெளிப்பாட்டை அளக்க, க்யூபிசிஆர் (ஆர்என்ஏ அளவைக் காட்டும் சோதனை) பிரைமரை, அதாவது அது பிடித்துக்கொள்ளும் குட்டி டிஎன்ஏ துண்டை, இரண்டு பிரதியும் அதிகம் வேறுபடும் முடிவுப் பகுதியில், புரதம் செய்யாத இடத்தில் வையுங்கள். மூன்றாம் சுற்று ஜோடிகளில் இது சுலபம். கெண்டையிலும் சால்மனிலும் ஆர்என்ஏ வாசிப்புத் துண்டுகள் இரண்டு பிரதியிலும் சமமாகப் பொருந்தும். அவற்றைத் தூக்கியெறியும் மென்பொருளில் இரண்டுமே குறைவாகத் தெரியும். அங்கே வெட்டும் இடத்தைக் காட்டும் கிரிஸ்பர் வழிகாட்டியின் 20 எழுத்தும் இரண்டிலும் அப்படியே இருந்து இரண்டும் சேர்ந்து வெட்டுப்படுவதும் உண்டு. சில நேரம் அதுதான் வேண்டும், சில நேரம் வேண்டாம், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏ போயும் மீன் நலமாக இருப்பதற்கு பி-யின் பங்கு வேலை மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. வெட்டிய ஏ, நடுவே நிறுத்தக்குறி விழுந்த ஆர்என்ஏவை இன்னும் தயாரிக்கிறதா? அந்தக் குறை ஆர்என்ஏவைச் செல் சிதைக்கும்போது, வரிசை ஒத்த மற்ற மரபணுக்களின் உற்பத்தியை ஏற்றிவிடுவது உண்டு என்று 2019-இல் காட்டப்பட்டது. அப்படி ஏற்றப்படுவதற்கு முதல் ஆள் உங்கள் பி. ஆகவே ஏ-யின் தொடக்கப் பகுதியையே நீக்கி ஆர்என்ஏ உருவாகாத மீன் ஒன்றையும் தயார் செய்யுங்கள். இரண்டு வகை மீனிலும் பி-யின் அளவை அளந்து பாருங்கள். நிறுத்தக்குறி மீனில் மட்டும் பி உயர்ந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது.

பிறகு இரண்டையும் சேர்த்து எடுங்கள். ஏ, பி இரண்டிலும் கலப்பினமான மீன்களைத் தங்களுக்குள் இணைத்தால் இரண்டும் இல்லாத குஞ்சு பதினாறில் ஒன்று. 96 கிணறு (சிறு குழி) உள்ள ஆய்வகத் தட்டு முழுக்க, கிணற்றுக்கு ஒன்றாகக் குஞ்சு எடுத்தாலும் எதிர்பார்க்கக்கூடியது ஆறு. ஏ இல்லாத மீன் உங்களிடம் நலமாக வளர்வதால், ஏ முற்றிலும் இல்லாமல் பி-யில் மட்டும் கலப்பினமான பெற்றோரைத் தயார் செய்தால் நாலில் ஒன்று, அதே தட்டில் 24. ஒரு தலைமுறை கூடும், அதாவது மூன்று மாதம். குறை லேசானதாக இருந்தால் ஆறு குஞ்சை வைத்துக்கொண்டு எதுவும் நிரூபிக்க முடியாது, அந்த மூன்று மாதத்தைக் கொடுத்துவிடுங்கள்.